வரைகலை அட்டை மேம்படுத்தல்

வரைகலை அட்டை மேம்படுத்தல் என்பது, பயன்பாட்டில் உள்ள ஒரு கணினியின் வரைகலை அட்டையை நீக்கி, அதனினும் ஆற்றல் மிக்க வேறோர் அட்டையைப் பொருத்துவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு மாற்றுதல் எனப்படுகிறது. முப்பரிமாண நிகழ்பட விளையாட்டுகளுக்காகப் பயன்படும் மேசைக் கணினிகளிலேயே இது பெரும்பாலும் மேற்கொள்ளப்படுகிறது. இத்தகைய கணினியின் பாகங்களுள் மிக விரைவில் பழமையடைவது வரைகலை அட்டையே. அதே வேளை, எளிதாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகங்களுள் ஒன்றாகவும் அது உள்ளது. எனவே முழுக் கணினியையும் மாற்றாமல், அதன் பயன்பாட்டுக் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்க இம்முறை உதவுகிறது.

எனினும் புதிய அட்டையின் முழு ஆற்றலும் பழைய கணினியில் எப்போதும் வெளிப்படுவதில்லை. செருகுவாய், மின்வழங்கி, கணினிப் பெட்டி, மையச் செயலி, திரை, இயங்குதளம் ஆகிய ஒவ்வொன்றும் அதன் பயனுக்கு ஓர் எல்லையை வகுக்கின்றன. இவற்றுள் எது மிகவும் பின்தங்கியுள்ளதோ, அதுவே முழுக் கணினியின் விரைவையும் தீர்மானிக்கிறது. வாங்கிய அட்டை பொருந்தாமற் போவது, பொருந்தியும் விரைவு கூடாதிருப்பது, தரம் குறைந்த மின்வழங்கி பழுதடைந்து பிற பாகங்களையும் கெடுப்பது ஆகியவை இவ்வெல்லைகளை முன்கூட்டியே ஆராயாமையால் நேர்வன ஆகும்.

வரைகலை அட்டையின் பணி

விளையாட்டு ஒன்றில் திரையில் தோன்றும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் தனித்தனிப் படங்களால் உருவாகிறது. இப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். 1920 × 1080 பிரிதிறன் கொண்ட திரையில் ஒரு சட்டகத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 12.4 கோடி படப்புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியின் நிறத்தை அறிய ஒளி, நிழல், பரப்பின் தன்மை எனப் பல கணக்குகளைச் செய்ய வேண்டியிருப்பதால், உண்மையான பணி இதனிலும் பன்மடங்கு மிகுதியாகும்.

இக்கணக்குகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே அவற்றை ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்யலாம். மையச் செயலியில் ஆற்றல் மிக்க சில கருக்கள் மட்டுமே உள்ளன. வரைகலைச் செயலியிலோ எளிய கணக்கீட்டு அலகுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அமைந்துள்ளன. இவ்வலகுகளுக்குத் தேவையான தரவுகளை வைத்திருக்க, அட்டையிலேயே விரைவு மிக்க தனி நினைவகம் பொருத்தப்பட்டிருக்கும். வரைகலைச் செயலி, நினைவகம், மின்னழுத்தச் சீராக்கிகள், வெப்பத்தணிப்பி, விசிறி, திரை இணைப்பான்கள் ஆகியன வரைகலை அட்டையின் முதன்மைக் கூறுகள் ஆகும்.

விளையாட்டின் விதிகள், பாத்திரங்களின் நடத்தை, பொருட்களின் மோதல் முதலியவற்றை மையச் செயலியே கணக்கிடுகிறது. எதனை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளையும் அதுவே வரைகலைச் செயலிக்கு அனுப்புகிறது. இப்பணிப் பகிர்வே மேம்படுத்தலின் பயனையும் அதன் எல்லையையும் விளக்குவதாகும்.

வரலாறு

1990களின் நடுப்பகுதி வரை, தனிநபர் கணினிகளின் காட்சி அட்டைகள் பெரும்பாலும் இருபரிமாணப் படங்களையே கையாண்டன. முப்பரிமாணக் கணக்கீடுகளை மையச் செயலி செய்துவந்தது. 1996 இல் வெளிவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராபிக்ஸ் முப்பரிமாணப் பணியை மட்டுமே செய்தது. எனவே ஏற்கெனவே இருந்த அட்டையை நீக்காமல், இரண்டையும் ஒரு வடத்தால் இணைத்துப் பயன்படுத்தினர். அந்நாளில் மேம்படுத்தல் என்பது மாற்றுதலாக அன்றிச் சேர்த்தலாகவே இருந்தது.

1999 இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 அட்டையை வெளியிட்டது. உருவங்களை இடமாற்றிக் கணக்கிடுவதையும் அவற்றின் மீது விழும் ஒளியைக் கணக்கிடுவதையும் மையச் செயலியிடமிருந்து இது ஏற்றுக்கொண்டது. வரைகலைச் செயலி என்னும் பெயர் இதன் விளம்பரத்தின் வழியாகவே பரவலாயிற்று. 2000 ஆம் ஆண்டு திசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க உடன்பட்டது. 2006 இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. 2022 இல் இன்டெல் நிறுவனம் ஆர்க் என்னும் பெயரில் மேசைக் கணினிகளுக்கான தனி அட்டைகளை வெளியிட்டது.

பழைய கணினி வைத்திருந்தோரை மிகவும் பாதித்தது 2004 இல் நிகழ்ந்த செருகுவாய் மாற்றம் ஆகும். 1997 முதல் வழக்கிலிருந்த ஏஜிபி செருகுவாய்க்கு மாற்றாக, அவ்வாண்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சந்தைக்கு வந்தது. இரண்டும் வடிவத்திலும் மின்குறிப்புகளிலும் வேறுபட்டவை. எனவே புதிய அட்டையைப் பயன்படுத்த விரும்பியோர் தாய்ப்பலகையையும், அதனுடன் பல வேளைகளில் மையச் செயலியையும் நினைவகத்தையும் மாற்ற நேர்ந்தது. இடைமாற்றுச் சில்லு ஒன்றைச் சேர்த்துச் சில அட்டைகளை ஏஜிபி வடிவிலும் தயாரித்தனர். ரேடியான் எச்டி 3850 அவற்றுள் ஒன்று. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் ஏஜிபி வழக்கொழிந்தது.

மின்தேவையும் தொடர்ந்து உயர்ந்தது. 2000 இல் வெளிவந்த வூடூ 5 5500, 2002 இல் வெளிவந்த ரேடியான் 9700 புரோ ஆகியவற்றுக்குச் செருகுவாய் வழங்கிய மின்சாரம் போதாமையால், மின்வழங்கியிலிருந்து தனி இணைப்புத் தேவைப்பட்டது. 2022 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் மின்தேவை 450 வாட் ஆகும்.

பயனைக் கணக்கிடுதல்

ஒரு சட்டகத்தை உருவாக்க மையச் செயலியும் வரைகலைச் செயலியும் தத்தம் பங்கைச் செய்கின்றன. வரைகலைச் செயலி ஒரு சட்டகத்தை வரையும்போது, மையச் செயலி அடுத்த சட்டகத்துக்கான வேலையைத் தொடங்குகிறது. எனவே இரண்டினுள் எது கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறதோ, அதுவே சட்டக வீதத்தை ஏறத்தாழத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு சட்டகத்துக்கு மையச் செயலி 12 மில்லிநொடியும் வரைகலைச் செயலி 30 மில்லிநொடியும் எடுப்பதாகக் கொள்வோம். அப்போது நொடிக்கு ஏறத்தாழ 33 சட்டகங்கள் கிடைக்கும். மும்மடங்கு விரைவான அட்டையைப் பொருத்தினால் வரைகலைச் செயலியின் நேரம் 10 மில்லிநொடியாகக் குறையும். இப்போது மையச் செயலியின் 12 மில்லிநொடியே எல்லையாகி, நொடிக்கு ஏறத்தாழ 83 சட்டகங்கள் கிடைக்கும். இது தெளிவாக உணரத்தக்க மாற்றமாகும்.

மற்றொரு கணினியில் மையச் செயலி 25 மில்லிநொடியும் வரைகலைச் செயலி அதே 30 மில்லிநொடியும் எடுப்பதாகக் கொள்வோம். அதே அட்டையைப் பொருத்தினாலும் இங்கு நொடிக்கு 40 சட்டகங்கள் மட்டுமே கிடைக்கும். செலவு ஒன்றே, பயனோ பெரிதும் குறைவு. மேம்படுத்தலுக்கு முன் இரு கணினிகளும் ஒரே வீதத்தில் இயங்கியமையால், சட்டக வீதத்தை மட்டும் கண்டு இவ்வேறுபாட்டை அறிய இயலாது.

இதனைப் பணச்செலவின்றிக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் பிரிதிறனைக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். படப்புள்ளிகள் குறைவதால் வரைகலைச் செயலியின் சுமை குறையும். மையச் செயலியின் சுமை பெரும்பாலும் மாறாது. சட்டக வீதம் நன்கு உயர்ந்தால், தடையாக இருப்பது வரைகலை அட்டை ஆகும். ஏறத்தாழ மாறாதிருந்தால், தடையாக இருப்பது மையச் செயலி ஆகும். வரைகலைச் செயலியின் பயன்பாட்டு விழுக்காட்டைக் காட்டும் மென்பொருட்களும் இதற்கு உதவும். விளையாடும்போது அது தொடர்ந்து 100 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் புதிய அட்டையால் பயனுண்டு. இச்சோதனையின்போது, திரையின் புதுப்பிப்பு வீதத்துடன் சட்டக வீதத்தை இணைக்கும் அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

பொருத்தப்பாடு

செருகுவாய்

பிசிஐ எக்ஸ்பிரஸ் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்தியங்குவன. புதிய பதிப்பின் அட்டை பழைய செருகுவாயிலும், பழைய பதிப்பின் அட்டை புதிய செருகுவாயிலும் இயங்கும்; ஆனால் இரண்டினுள் குறைந்த விரைவே கிடைக்கும். 16 தடங்கள் கொண்ட செருகுவாயில் ஒரு திசைக்கான தரவு வீதம் ஏறத்தாழப் பின்வருமாறு:

• முதற் பதிப்பு: நொடிக்கு 4 கிகாபைட்டு
• இரண்டாம் பதிப்பு: நொடிக்கு 8 கிகாபைட்டு
• மூன்றாம் பதிப்பு: நொடிக்கு 16 கிகாபைட்டு
• நான்காம் பதிப்பு: நொடிக்கு 32 கிகாபைட்டு
• ஐந்தாம் பதிப்பு: நொடிக்கு 63 கிகாபைட்டு

16 தடங்களையும் பயன்படுத்தும் அட்டைகளில் ஒரு பதிப்பு பின்தங்குவதால் ஏற்படும் இழப்பு பொதுவாகச் சிறிதே. ஆனால் விலை குறைந்த சில புதிய அட்டைகள் குறைவான தடங்களையே பயன்படுத்துகின்றன. 2022 இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இது 4 தடங்களையும் 4 கிகாபைட்டு நினைவகத்தையும் மட்டுமே கொண்டது. நான்காம் பதிப்புச் செருகுவாயில் இதற்கு நொடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டு வீதம் கிடைக்கிறது. மூன்றாம் பதிப்பில் 4 கிகாபைட்டும், இரண்டாம் பதிப்பில் 2 கிகாபைட்டும் மட்டுமே கிடைக்கும். அட்டையின் நினைவகம் நிரம்பும்போது தரவுகளை இவ்வழியாகவே மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், பழைய கணினியில் விளையாட்டு தடைப்பட்டுத் தடைப்பட்டு இயங்கும். பழைய கணினி வைத்திருப்போரே விலை குறைந்த அட்டைகளை மிகுதியும் நாடுவர் என்பதால் இக்கூறு கவனத்துக்குரியது.

மின்வழங்கி

பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் வரைகலை அட்டைக்கு உயர்ந்த அளவாக 75 வாட் வழங்கும். அதற்கு மேற்பட்ட தேவை மின்வழங்கியிலிருந்து நேராக வரும் இணைப்பான்களால் நிறைவு செய்யப்படுகிறது. 6 முனை இணைப்பான் 75 வாட்டும், 8 முனை இணைப்பான் 150 வாட்டும் வழங்குமாறு வரையறுக்கப்பட்டுள்ளன. 2022 முதல் வழக்குக்கு வந்த 12+4 முனை இணைப்பான் 600 வாட் வரை வழங்கும். இவ்விணைப்பான் முழுமையாகச் செருகப்படாதபோது சூடேறி உருகிய நிகழ்வுகள் பதிவானதைத் தொடர்ந்து, 2023 இல் அதன் வடிவம் திருத்தப்பட்டது.

மின்வழங்கியின் மீது எழுதப்பட்டுள்ள மொத்த வாட் அளவு மட்டும் போதிய சான்று ஆகாது. வரைகலை அட்டையும் மையச் செயலியும் 12 வோல்ட்டு தொடரிலிருந்தே பெரும்பகுதி மின்சாரத்தைப் பெறுகின்றன. எனவே ஒட்டுச்சீட்டில் 12 வோல்ட்டுக்கு எதிரே குறிக்கப்பட்டுள்ள ஆம்பியர் அளவை 12 ஆல் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். 500 வாட் எனக் குறிக்கப்பட்ட மின்வழங்கி ஒன்றின் 12 வோல்ட்டு தொடர் 20 ஆம்பியர் மட்டுமே தருமாயின், அதிலிருந்து 240 வாட் மட்டுமே கிடைக்கும். பல ஆண்டுகள் உழைத்த மின்வழங்கியின் மின்தேக்கிகள் நலிவடைந்திருக்கும் என்பதும் கருதத்தக்கது.

தேவையான இணைப்பான் இல்லாதபோது மாற்று வடங்களைப் பயன்படுத்துவோர் உளர். வன்வட்டுக்கான சாட்டா மின் இணைப்பான் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. 75 வாட் வரை எடுக்கக்கூடிய 6 முனை இணைப்பானை அதிலிருந்து பெறுவது வடம் உருகவும் தீப்பற்றவும் இடமளிக்கும். உரிய இணைப்பான் இல்லாமையைப் பெரும்பாலும் மின்வழங்கியின் ஆற்றல் போதாமைக்கான அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

மின்வழங்கியை மாற்ற இயலாத கணினிகளுக்குச் செருகுவாய் மின்சாரத்திலேயே இயங்கும் அட்டைகள் பொருந்தும். 2014 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட் அளவினது. 2016 இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019 இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவை 75 வாட் அளவினவாகும். எனினும் இவற்றின் சில வடிவங்களில் கூடுதல் மின் இணைப்பான் இருப்பதுண்டு.

பெட்டியும் வெப்பமும்

அட்டையின் நீளம், உயரம், தடிமன் ஆகிய மூன்றையும் பெட்டியின் உள்ளளவோடு ஒப்பிட வேண்டும். பல அட்டைகள் இரண்டு அல்லது மூன்று செருகுவாய்களின் இடத்தை மறைக்கும். பழைய பெட்டிகளில் வன்வட்டுக் கூடுகள் நீண்ட அட்டைகளுக்குத் தடையாக இருக்கும். ஒடுங்கிய அலுவலகக் கணினிகளுக்கு உயரம் குறைந்த அட்டைகள் மட்டுமே பொருந்தும்.

அட்டை எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. பெட்டியில் காற்றோட்டம் போதாவிடில், சூடேறிய வரைகலைச் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும்.

தாய்ப்பலகையும் திரையும்

பழைய தாய்ப்பலகைகள் பயாஸ் எனப்படும் தொடக்க நிரலைக் கொண்டவை. புதியவை யூஈஎஃப்ஐ முறையைப் பயன்படுத்துகின்றன. சில பழைய தாய்ப்பலகைகளில் புதிய அட்டையைப் பொருத்தினால் கணினி திரையில் எதனையும் காட்டாது நின்றுவிடும். தயாரிப்பாளர் வழங்கும் தொடக்க நிரல் இற்றைப்படுத்தலால் இது சில வேளைகளில் தீரும். இன்டெல் ஆர்க் அட்டைகள், அட்டையின் நினைவகம் முழுவதையும் மையச் செயலி ஒரே நேரத்தில் அணுக உதவும் வசதியை வேண்டி நிற்பன. அவ்வசதி இல்லாத பழைய தாய்ப்பலகைகளில் அவற்றின் விரைவு வெகுவாகக் குறையும்.

திரையின் இணைப்பும் நோக்கத்தக்கது. 2016 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் 10 வரிசை முதல், என்விடியா அட்டைகளில் ஒப்புமைக் குறிப்பு வழங்கப்படுவதில்லை. ஆகவே விஜிஏ இணைப்பு மட்டுமே கொண்ட பழைய திரைகளுக்குக் குறிப்பை மாற்றித் தரும் கருவி தேவைப்படும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அதற்கு மேற்பட்ட சட்டகங்கள் தனித்தனியாக முழுமையாகக் காட்டப்படுவதில்லை என்பதால், திரைக்கு மீறிய அட்டையால் கிடைக்கும் பயனும் குறைவே.

அட்டையைத் தெரிவு செய்தல்

வரைகலை அட்டையின் பெயரில் உள்ள எண் பெரிதாக இருப்பதால் மட்டும் அது விரைவானது ஆகாது. பொதுவாக முன்னுள்ள எண் தலைமுறையையும், பின்னுள்ள எண் அத்தலைமுறைக்குள் அதன் படிநிலையையும் குறிக்கும். புதிய தலைமுறையின் கீழ்ப்படி அட்டை, முந்தைய தலைமுறையின் மேற்படி அட்டையினும் மந்தமாக இருக்கக்கூடும்.

நினைவகத்தின் கொள்ளளவைப் போன்றே அதன் வகையும் இன்றியமையாதது. ஜிஃபோர்ஸ் ஜிடி 1030 என்னும் ஒரே பெயரில் இருவகை அட்டைகள் விற்கப்பட்டன. 2017 இல் வெளிவந்த ஜிடிடிஆர்5 நினைவக வகையின் பட்டையகலம் நொடிக்கு 48 கிகாபைட்டு. 2018 இல் வெளிவந்த டிடிஆர்4 வகையின் பட்டையகலம் 16.8 கிகாபைட்டு மட்டுமே. இரண்டும் 2 கிகாபைட்டு கொள்ளளவு உடையவை ஆதலின், பெட்டியின் மீதுள்ள கொள்ளளவை மட்டும் பார்ப்போர் இவ்வேறுபாட்டை அறியார்.

விரைவு போதுமானதாக இருந்தும், வேண்டிய வசதி இல்லாமையால் ஓர் அட்டை பயனற்றுப் போவதும் உண்டு. 2007 இல் வெளிவந்த பயோஷாக் விளையாட்டு மூன்றாம் பதிப்பு ஷேடர் வசதியை வேண்டியது. அவ்வசதி இல்லாத ரேடியான் எக்ஸ்800 வரிசை அட்டைகள் அன்று போதிய விரைவு கொண்டிருந்தும், அவற்றில் அவ்விளையாட்டு முறையாக இயங்கவில்லை. 2024 இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 இல் வெளிவந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டும் ஒளிக்கதிர்களைத் தடமறியும் வன்பொருளைக் கட்டாயமாக்கின.

இயக்கி மென்பொருளின் ஆதரவுக் காலமும் கருதப்பட வேண்டும். ஏஎம்டி 2021 இல், 2012 முதல் 2015 வரை வெளிவந்த தன் அட்டைகள் பலவற்றுக்கான வழமையான இயக்கி ஆதரவை நிறுத்தியது. ஜிஃபோர்ஸ் 900, 10 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கிகள் 2025 அக்டோபருடன் முடிவுறும் என என்விடியா அறிவித்தது. லினக்சு இயங்குதளத்தின் திறந்தமூல இயக்கிகள் பழைய அட்டைகள் பலவற்றை நீண்டகாலம் ஆதரிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

2011 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே செயலியையும், அதே மாதம் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 560 டிஐ அட்டையையும் கொண்ட கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இச்செயலி 4 கருக்களையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் பதிப்பையும் கொண்டது. அட்டையின் மின்தேவை 170 வாட். அதற்கு இரண்டு 6 முனை இணைப்பான்கள் தேவை. பொதுவான வடிவத்தில் நினைவகம் 1 கிகாபைட்டு ஆகும்.

2016 இல் இக்கணினிக்கு 6 கிகாபைட்டு நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 பொருத்தமான தெரிவாக இருந்தது. அதன் மின்தேவை 120 வாட் மட்டுமே. 6 முனை இணைப்பான் ஒன்றே போதும். எனவே நல்ல நிலையிலிருந்த பழைய மின்வழங்கியை மாற்ற வேண்டியதில்லை. மின்செலவு குறைய, விரைவும் நினைவகமும் பெருகின. மேம்படுத்தல் சிறப்பாகப் பயன்படுவது இத்தகைய சூழலிலேயே.

பத்தாண்டுகள் கழிந்த நிலையில், அதே கணினியில் 2023 இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையைப் பொருத்துவதாகக் கொள்வோம். அதன் மின்தேவை 115 வாட் மட்டுமே, மின்வழங்கி தடையாகாது. ஆனால் அவ்வட்டை 8 தடங்களையே பயன்படுத்துவதால், இரண்டாம் பதிப்புச் செருகுவாயில் நொடிக்கு 4 கிகாபைட்டு வீதமே கிடைக்கும். 4 கருக்களால் புதிய விளையாட்டுகளின் கணக்குகளை உரிய நேரத்தில் முடிக்க இயலாது. சில புதிய விளையாட்டுகள் கோரும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி இச்செயலியில் இல்லாமையால், அவை தொடங்கவே மாட்டா. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது; விண்டோஸ் 11 இச்செயலியை முறைப்படி ஆதரிப்பதில்லை. இந்நிலையில் அட்டைக்குச் செய்யும் செலவு, அதனைப் பின்னர் வேறொரு கணினிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டுமே பொருளுடையதாகும்.

பயன்படுத்திய அட்டைகள்

பழைய கணினிக்குப் புதிய அட்டையினும் முன்பு பயன்படுத்திய அட்டையே பல வேளைகளில் ஏற்றதாக அமைகிறது. 2020 முதல் 2022 வரை நிலவிய தட்டுப்பாட்டில், எண்மநாணயம் அகழ்வோர் அட்டைகளைப் பெருமளவில் வாங்கினர். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் வரைகலை அட்டைகளால் அகழும் முறையைக் கைவிட்டதும், அவ்வட்டைகள் பல பயன்படுத்திய பொருட்களின் சந்தைக்கு வந்தன. அகழ்வில் உழைத்த அட்டை கட்டாயம் பழுதானதாக இருக்கும் எனக் கொள்ள இயலாது. ஆனால் அதன் விசிறிகளும் வெப்பக் களிம்பும் தேய்ந்திருக்கக்கூடும்.

போலி அட்டைகளும் விற்கப்படுகின்றன. பழைய அட்டையின் உள்நிரலை மாற்றி, புதிய அட்டையின் பெயரைக் காட்டுமாறு செய்வது இதன் பொதுவான முறையாகும். ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருள் வரைகலைச் செயலியின் உண்மை அடையாளத்தைக் கண்டறிய உதவுகிறது. வாங்கும் முன், கடுமையான விளையாட்டு ஒன்றைச் சிறிது நேரம் இயக்கி வெப்பநிலை, விசிறியின் ஒலி, திரையில் தோன்றும் கோடுகள் அல்லது புள்ளிகள் ஆகியவற்றை நோக்குவது நன்று.

பொருத்தும் முறை

1. பழைய அட்டையின் இயக்கி மென்பொருளை நீக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கு மாறும்போது இது மிகவும் தேவையானது.
2. கணினியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும்.
3. உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே பாகங்களைத் தொட வேண்டும்.
4. பழைய அட்டையின் மின் இணைப்பான்களையும் திருகுகளையும் கழற்றி, செருகுவாயின் முனையிலுள்ள பூட்டை விடுவித்த பின்னர் அட்டையை நேராக மேலே எடுக்க வேண்டும். பூட்டை விடுவிக்காது இழுத்தால் செருகுவாய் உடையலாம்.
5. செருகுவாயிலும் பெட்டியிலும் படிந்த தூசியை நீக்கிய பின், புதிய அட்டையைப் பூட்டு விழும் ஒலி கேட்கும் வரை சீராக அழுத்த வேண்டும்.
6. திருகுகளைப் பொருத்தி, மின் இணைப்பான்களை இடைவெளி தெரியாதவாறு முழுமையாகச் செருக வேண்டும்.
7. திரையின் வடத்தைப் புதிய அட்டையில் இணைத்து, கணினியைத் தொடக்கி, தயாரிப்பாளரின் இயக்கி மென்பொருளை நிறுவ வேண்டும்.

பொதுவான சிக்கல்கள்

திரையில் எதுவும் தோன்றாமைக்கு, வடத்தைத் தாய்ப்பலகையின் இணைப்பானில் செருகியிருப்பதே எளிய காரணமாகும். அட்டை முழுமையாக அமராமையும், மின் இணைப்பானை மறந்துவிடுவதும் பிற காரணங்கள். பழைய அட்டையை மீண்டும் பொருத்திப் பார்த்தால் பழுது எங்குள்ளது என்பது தெளிவாகும்.

சாதாரணப் பயன்பாட்டில் நன்கு இயங்கி, விளையாடும்போது மட்டும் கணினி திடீரென நின்றுவிடுமாயின், மின்வழங்கியின் ஆற்றல் போதாமையை முதலில் ஐயுற வேண்டும். தொடக்கத்தில் விரைவாக இயங்கிச் சில நிமிடங்களில் மந்தமடைந்தால் வெப்பமே காரணமாகலாம்.

மாற்று வழிகள்

எல்லாப் பழைய கணினிகளுக்கும் புதிய அட்டை தேவைப்படுவதில்லை. காலப்போக்கில் விரைவு குறைந்த அட்டையில் தூசியை நீக்கி வெப்பக் களிம்பைப் புதுப்பித்தால், இழந்த விரைவு மீளக்கூடும். ஒற்றை நினைவகத் துண்டுடன் இயங்கும் கணினியில் மற்றொன்றைச் சேர்த்து இருவழியாக்கினால், மையச் செயலியின் காத்திருப்பு நேரம் குறையும். நிழல், பிரிதிறன் முதலிய அமைப்புகளைக் குறைப்பது செலவற்ற வழியாகும். வன்வட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டைப் பொருத்துவது சட்டக வீதத்தைப் பொதுவாக உயர்த்தாது எனினும், காத்திருப்பைப் பெரிதும் குறைக்கும். மடிக்கணினிகளில் வரைகலைச் செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றுக்கு இம்மாற்று வழிகளே உரியன.

கழற்றப்பட்ட அட்டை இயங்கும் நிலையில் இருப்பின், அதனினும் பழைய அட்டை கொண்ட மற்றொரு கணினிக்கு அது மேம்படுத்தலாக அமையும். பழுதான அட்டையில் செம்பு, தங்கம் முதலிய மீட்கத்தக்க உலோகங்களுடன் கேடு விளைக்கும் பொருட்களும் இருக்கக்கூடும். அதனை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.